கணக்குப்பிள்ளைகளும் ஒரு வெளிக்கள வீரரும்

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் புறத்திணை நடத்திக்கொண்டிருந்தபோது நாம் ஒரு பிழை செய்தோம். வெட்சி, கரந்தை என்று நூற்பாக்களை அடுக்கிக்கொண்டே போனால் பிற்பகல் வேளையில் மாணவர்கள் கண்ணயர்ந்துவிடுவர் என்ற அச்சத்தில், வேற்று நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை இழுத்துவந்தோம். அமெரிக்கப் பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் இடப்புற வெளிக்கள வீரர். மட்டை பிடித்தவர்களில் அவருக்கு நிகரானவர் சிலரே. புகழின் உச்சியில் நின்றவர், நாடு அழைத்ததும் மட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போர் விமானத்தில் ஏறினார். அதுவும் ஒருமுறையன்று, இருமுறை. ஏறத்தாழ ஐந்து ஆட்டப் பருவங்களைத் தியாகம் செய்தார் என்று உருக்கமாகவே சொல்லி முடித்தோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, அவர் தானா போனாரா, இல்ல போகச் சொன்னாங்களா?"

எமக்கு விடை தெரியவில்லை. "இரண்டும்தான்" என்று மழுப்பினோம். மணி அடித்தது, காப்பாற்றியது. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை. படித்த பின்னர் எமது கோபம் வில்லியம்ஸ் மீது சிறிதும் இல்லை. அவரைப் பற்றி எழுதுவோர் மீதும், அவர்களை அப்படியே ஒப்பித்த எம்மீதுமே.

இத்தகைய எழுத்தை இலக்கிய இதழ் வாசகர்கள் நன்கறிவர். ஒரு கலைஞனோ வீரனோ போரில் சில ஆண்டுகளை இழக்கிறான். கட்டுரையாளர் உடனே பலகையும் பேனாவுமாக அமர்ந்துவிடுகிறார். வில்லியம்ஸ் 1942இல் அடித்த ஹோம் ரன்கள் 36. போரிலிருந்து திரும்பிய 1946இல் 38. சராசரி 37. இடையில் ஆடாத மூன்று பருவங்களுக்கு 111. அடுத்து கொரியா. 1951இல் 30, 1954இல் 29. எனவே 1952, 1953க்கு 59; அவ்விரு ஆண்டுகளில் ஆடிய சொற்ப ஆட்டங்களில் அவர் உண்மையாகவே அடித்த 14ஐக் கழித்தால் 45. மெய்யான மொத்தம் 521. கூட்டினால் 677. "பேப் ரூத்தின் 714ஐ எட்டிப் பிடித்திருப்பார்" என்று பெருமூச்சோடு ஒரு வாக்கியம். கொஞ்சம் துணிச்சல்காரர் என்றால் 714ஐத் தாண்டவே வைத்துவிடுவார். கட்டுரை முடிந்தது. இவர்களைத்தான் நாம் கணக்குப்பிள்ளைகள் என்கிறோம். ஆண்டை வீட்டில் விளையாத நெல்லுக்கும் பேரேட்டில் பதிவு போடுகிறவர்கள்.

நடுகல்லைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்ததால் எமக்கு ஒன்று தோன்றுகிறது. நிரை மீட்டு வீழ்ந்தவனின் கல்லில் அவன் பெயரைப் பொறித்தனர். அவன் செய்ததைப் பொறித்தனர். இன்னும் இருபதாண்டு வாழ்ந்திருந்தால் எத்தனை மாடுகளை மீட்டிருப்பான் என்று எந்த ஊராரும் பொறிக்கவில்லை. கல் தச்சனுக்குத் தெரிந்த இந்த எளிய அறம் நம் காலத்துக் கட்டுரையாளருக்குத் தெரியாமல் போனது எப்படி?

முதலில், கணக்கு கணக்காகவே தவறு. அந்த மூன்றாண்டுகளில் வில்லியம்ஸுக்கு வயது 24 முதல் 27 வரை. உடல் முறுக்கேறி நிற்கும் காலம். எனவே இன்னும் கூடுதலாகவே அடித்திருப்பார் என்பர். இருக்கலாம். ஆனால் 1950ஆம் ஆண்டு ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் பந்தைப் பிடிக்க ஓடி மதிலில் மோதி முழங்கையை உடைத்துக்கொண்டாரே, அது போரா செய்தது? 1954ஆம் ஆண்டு பயிற்சி தொடங்கிய முதல் நாளிலேயே விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார்; அதையும் போர் செய்யவில்லை. ஆடாத ஆண்டுகளில் எந்த மதில் காத்திருந்தது என்பதைக் கணக்குப்பிள்ளை சொல்வாரா? 39 வயதை எட்டிய 1957இல் 0.388 என்ற சராசரியோடு அனைவரையும் வியக்க வைத்தார். இடையில் கிடைத்த கட்டாய ஓய்வு அந்த உடலுக்கு எதையும் சேமித்துத் தரவில்லை என்று எவரால் அறுதியிட முடியும்? ஓராண்டை மாற்றினால் அதன் பின்வரும் எல்லா ஆண்டுகளும் மாறும். ஒரு வாழ்க்கையின் நடுவில் மூன்று செங்கற்களை உருவிவிட்டு மேலே உள்ள சுவர் அப்படியே நிற்கும் என்று கொத்தனார்கூட நம்பமாட்டார்.

நிற்க. கணக்குப் பிழை சிறிய குற்றம். அந்தக் கணக்கு எதை மறைக்கிறது என்பதுதான் எமது வழக்கு.

1941ஆம் ஆண்டின் கடைசி நாள் ஆட்டங்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டனர். நாமும் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறோம். செப்டம்பர் 28 காலையில் அவருடைய சராசரி 0.39955. அப்படியே அமர்ந்துகொண்டால் 0.400 என்று முழுமைப்படுத்திப் பதிவாகியிருக்கும். மேலாளர் அமரச் சொல்லியும் பார்த்தார். வில்லியம்ஸ் மறுத்து பிலடெல்ஃபியாவில் அன்று நடந்த இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி எட்டு வாய்ப்புகளில் ஆறு முறை அடித்து 0.406இல் முடித்தார். 23 வயது. பத்து வாரங்கள் கழித்து பேர்ல் ஹார்பர்.

இங்கிருந்துதான் கதை வேறு வண்ணம் கொள்கிறது. இங்குதான் நம் கட்டுரையாளர்கள் ஒரே தாவலில் தாவுகிறார்கள். வில்லியம்ஸ் மட்டையை வைத்துவிட்டு ஓடிவிடவில்லை. அவருடைய தாய் மே வென்சர், சான் டியேகோ தெருக்களில் சால்வேஷன் ஆர்மிக்காக உழைத்தவர். மகனின் வருவாயை நம்பியிருந்தார். அந்த அடிப்படையில் வில்லியம்ஸ் 3-ஏ பிரிவில், அதாவது குடும்பத்தைத் தாங்குபவர் என்ற வகையில், படை அழைப்பிலிருந்து ஒத்திவைக்கப்பட்டிருந்தார். 1942 சனவரியில் அவரை 1-ஏவுக்கு மாற்றினர். உடனே புறப்படலாம் என்று பொருள். அவர் மேல்முறையீடு செய்தார். வென்றார். மீண்டும் 3-ஏ.

அதன் பின் நாளேடுகள் அவரை என்ன பாடு படுத்தின என்பதைப் படித்தால்தான் நம்பமுடியும். கோழை என்றும் நாட்டுப்பற்று இல்லாதவர் என்றும் ஏச்சு. அவரை வைத்து விளம்பரம் செய்த குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் கைவிட்டது. சட்டம் கொடுத்த உரிமையைச் சட்டத்தின் வழியே கேட்டுப் பெற்ற ஒருவர்! இத்தனைக்கும் பேஸ்பால் தொடர்ந்து நடக்க வேண்டும், அது மக்களுக்கு நல்லது என்று 1942 சனவரியில் பேஸ்பால் ஆணையருக்கு மடல் எழுதியவர் சாட்சாத் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டேதான். ஆட்டம் நடக்க வேண்டும், ஆனால் ஆடுகிறவன் வெட்கப்பட வேண்டும். தாய்க்கென்று வாங்கிய ஆண்டுத்தொகைப் பத்திரங்களுக்குப் பணம் கட்டி முடிக்க ஒரு பருவம் வேண்டும் என்றார் வில்லியம்ஸ். மே மாதம் கடற்படையின் வானோட்டிப் பயிற்சித் திட்டத்தில் தாமே பதிவு செய்துகொண்டார். அந்தப் பருவத்தை ஆடி முடித்து, சராசரி, ஹோம் ரன், ஓட்டச் சேர்ப்பு மூன்றிலும் முதலிடம் பெற்று மும்முடி சூடி, நவம்பரில் பயிற்சிக்குச் சென்றார். எமது மாணவியின் கேள்விக்கு விடை இதுதான்: தாமாகவும் போனார், துரத்தவும்பட்டார். நாம் சொன்ன "இரண்டும்தான்" தற்செயலாகச் சரியாகிவிட்டது. ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த ஓர் இளைஞனின் ஐந்து மாதத் தத்தளிப்பை நாம் வகுப்பில் சொல்லவில்லை. எங்கள் வீரக்கதைக்கு அது இடைஞ்சல்.

இன்னொன்று. இரண்டாம் உலகப் போரில் அவர் போர்முனையைக் காணவே இல்லை. 1944 மே மாதம் மரைன் படையில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் இளைஞர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். போர் முடிந்தபோது ஹவாயில் இருந்தார். ஆசிரியர் வேலை! நாம் ஆசிரியர்கள் என்பதால் சொல்கிறோம், அது குறைந்த வேலையன்று. ஆனால் குண்டுமழையில் பறந்ததாக அதைக் கொரியாவோடு குழைத்து எழுதுபவர்கள் உண்டு. அவர்களுக்கு வகுப்பறை போதவில்லை, நெருப்பு வேண்டும்.

நெருப்பு கொரியாவில் கிடைத்தது. 1952 சனவரியில் மீண்டும் அழைப்பு. அவர் செயல்படாத சேமப்படையில் பெயரளவில் இருந்தவர்; வயது 33; விமானத்தைத் தொட்டு ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன; முழங்கை ஒருமுறை உடைந்து ஒட்டவைக்கப்பட்டது. மரைன் படைக்கு வானோட்டிகள் போதவில்லை. பழைய பட்டியலைப் புரட்டினர். அவர் பெயர் அகப்பட்டது. ஏப்ரல் 30ஆம் நாள் பாஸ்டனில் அவருக்கு வழியனுப்பு விழா நடந்தது. அன்றைய தம் கடைசி வாய்ப்பில் ஹோம் ரன் அடித்துவிட்டுப் போனார். இந்தக் காட்சியை எவரும் விடுவதில்லை. ஆனால் 1957இல் ஒரு செய்தியாளரிடம் மரைன் படையையும் அரசியல்வாதிகளையும் கடுஞ்சொற்களால் சாடினாரே, அது அச்சேறி, பிறகு அவர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்ததே, அந்தக் காட்சி எத்தனை கட்டுரைகளில் வருகிறது? முதுமையில் அவரே மரைன் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை கொண்டார் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே மனிதரின் சொற்கள். மனிதர்கள் அப்படித்தான். ஒன்றை வெட்டி மற்றதை வைத்துச் சிலை செய்வது வாழ்க்கை வரலாறு ஆகாது.

1953 பிப்ரவரி 16. பியோங்யாங்கிற்குத் தெற்கே ஒரு படைப் பயிற்சி மையத்தைத் தாக்கச் சென்ற பெரும் விமானக் கூட்டத்தில் வில்லியம்ஸின் பேந்தர் ஜெட்டும் ஒன்று. தரையிலிருந்து சுட்டதில் அடிபட்டது. வானொலி செத்துவிட்டது, நீரியல் இயக்கம் அற்றது, தீப்பிடித்தது. சக வானோட்டி ஒருவர் அருகில் பறந்து வழிகாட்ட, சுவோன் தளத்தில் சக்கரங்களை இறக்க முடியாமல் வயிற்றால் தரையிறக்கினார், விமானம் ஓடுதளத்தில் உராய்ந்தபடி வெகுதூரம் இழுபட்டு நின்றது, குதித்து ஓடினார். ஏன் இருக்கையோடு வெளியே எறியப்பட்டுக் குடைவிரித்துத் தப்பவில்லை? ஆறடிக்கு மேல் உயரம் கொண்ட தம் முழங்கால்கள் அந்தச் சிறிய அறையில் மோதிச் சிதைந்துவிடும் என்று அஞ்சினார். கால் போனால் ஆட்டம் போயிற்று. எரியும் விமானத்திற்குள் அமர்ந்து ஒருவன் தன் முழங்காலைப் பற்றி நினைக்கிறான். எமக்கு அந்த ஆளிடம் பெருமதிப்பு வந்தது இந்த இடத்தில்தான். ஐந்து ஆண்டு என்ன, ஐந்து நொடியில்கூட அவர் பேஸ்பாலைத் தியாகம் செய்யவில்லை. உயிரைப் பணயம் வைத்து அதைக் காப்பாற்றிக்கொண்டார். தியாகக் கதை எழுதுபவர்கள் இந்த முழங்காலை என்ன செய்வதென்று தெரியாமல் வேடிக்கைத் துணுக்காக்கிவிடுகிறார்கள்.

மொத்தம் 39 பறப்புகள். அவற்றில் சில, பின்னாளில் பூமியைச் சுற்றிவந்த ஜான் கிளெனுக்குத் துணை விமானமாக. சளிச்சுரமும் காதுக் கோளாறும் அவரைத் திருப்பி அனுப்பின. அவர் அடிக்காத ஹோம் ரன்களை ஒன்று விடாமல் கூட்டிப் பார்க்கும் கைகளில் ஒன்றேனும், அந்த 39 பறப்புகளின்போது கீழே எவரெவர் எதை இழந்தனர் என்று கூட்டிப் பார்க்கத் துணிந்ததுண்டா? கொரியத் தீபகற்பத்தின் நகரங்கள் குண்டுகளால் தரைமட்டமான போர் அது. இழப்பைப் பற்றிப் பேசப் புறப்பட்டவர்கள் இழப்பின் முழுப் பட்டியலைக் கொண்டுவரட்டும்.

தியாகம் என்ற சொல்லை நாம் ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று கேட்கலாம். அச்சொல் பழைய வழக்கில் கொடையைக் குறித்தது. தியாகி என்றால் வள்ளல். கொடுப்பவனுக்குக் கொடாதிருக்கும் உரிமை இருந்தால்தான் அது கொடை. வாங்கியவர் தாமே "இவர் கொடுத்தார்" என்று எழுதி வைத்துக்கொள்வது வேறு. நம் புறப்பாட்டு மரபு இவ்விடத்தில் எவ்வளவோ நேர்மையானது. செஞ்சோற்றுக்கடன் என்று வெளிப்படையாகச் சொன்னது: சோறு போட்டவன் இவன், கடன் பட்டவன் அவன், கணக்கு நேர். கொடுமையான கணக்குத்தான், ஆயினும் மறைப்பில்லை. இருபதாம் நூற்றாண்டின் அரசுகள் கடனை வசூலித்துவிட்டு அதற்குக் கொடை என்று பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தன. எழுத்தாளர்கள் அதில் சாட்சிக் கையெழுத்து இடுகிறார்கள்.

தியாகம் என்ற சொல் எவருக்குமே பொருந்தாதா? பொருந்தும். டெட்ராய்ட் அணியின் ஹேங்க் கிரீன்பெர்க், 1940இல் இடப்புற வெளிக்களத்திற்கு மாறி ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்வு பெற்றவர். 1941 மே மாதம் படைக்கு அழைக்கப்பட்டார். வயது கடந்தவர் என்று டிசம்பர் 5ஆம் நாள் விடுவிக்கப்பட்டார். இரண்டு நாள் கழித்து பேர்ல் ஹார்பர். போக வேண்டிய கட்டாயம் இல்லை, மீண்டும் சேர்ந்தார், சீனா–பர்மா–இந்தியா போர்முனைவரை சென்று 1945 நடுவில்தான் திரும்பினார். யூதரான அவர் எதை எதிர்த்துப் போகிறோம் என்று அறிந்தே போனார். அவருக்கு அந்தச் சொல்லைக் கொடுங்கள். அதனாலேயே கிடைத்தவர்க்கெல்லாம் அதை வாரியிறைக்காதீர்கள். யாங்கீஸின் நடு வெளிக்கள வீரர் ஜோ டிமாஜியோவும் 1943 முதல் மூன்று பருவங்களை இழந்தார். அவர் படையில் சேர்வதற்கு முந்தைய ஆண்டு, இத்தாலியிலிருந்து குடியேறிய அவருடைய பெற்றோர் எதிரிநாட்டு அயலார் என்று பட்டியலிடப்பட்டிருந்தனர். மீனவரான தந்தைக்குத் தம் துறைமுகத்திற்குச் செல்லவே தடை. மகன் இழந்த ஹோம் ரன்களுக்குக் கூட்டல் கணக்கு உண்டு. தந்தை இழந்த மீன்பாட்டுக்கு?

இனி, கணக்குப்பிள்ளைகள் திரும்பியும் பாராத ஒரு காலி இடத்திற்கு வருவோம். 1945 ஏப்ரல் 16. வில்லியம்ஸ் சீருடையில் எங்கோ பயிற்சியில் இருக்கிறார். பாஸ்டன் ஃபென்வே ஆடுகளத்தில் மூன்று கறுப்பின வீரர்களுக்குத் தேர்வு நடக்கிறது. அரசியல் நெருக்குதலுக்கு அணி நிர்வாகம் பணிந்ததால் நடந்த கண்துடைப்பு அது. மூவரில் ஒருவர் ஜாக்கி ராபின்சன். இன்னொருவர் சாம் ஜெத்ரோ, வெளிக்கள வீரர், புயல் வேகத்தில் ஓடுபவர். அவர்களை ரெட் சாக்ஸ் திரும்ப அழைக்கவே இல்லை. போர் காரணமாக ஆட்களுக்குத் தட்டுப்பாடு தலைவிரித்தாடிய காலம். அதே ஆண்டில் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணி, வலக்கை இல்லாத பீட் கிரே என்ற வெள்ளையரை வெளிக்களத்தில் நிறுத்தி 77 ஆட்டங்கள் ஆடவைத்தது. கிரேயின் மனவுறுதி போற்றத்தக்கது. அவரைக் குறை சொல்லும் நோக்கம் எமக்கு இல்லை. ஒற்றைக் கை போதும், தோல் மட்டும் வெள்ளையாக இருக்கட்டும் என்று ஆட்டத்தை நடத்தியவர்களைத்தான் சொல்கிறோம்.

ஜெத்ரோ 1950இல் பாஸ்டனின் மற்றோர் அணியான பிரேவ்ஸில் சேர்ந்து ஆண்டின் சிறந்த புதுமுகமாகத் தேர்வானார். புதுமுகத்துக்கு வயது 33! வில்லியம்ஸ் இரண்டாம் முறை படைக்கு அழைக்கப்பட்ட அதே வயது. ஜெத்ரோவின் இருபதுகள் முழுவதையும் தின்றது எந்தப் போர்? பிரதான லீக்கில் ஆடிய ஆண்டுகள் போதாமையால் ஓய்வூதியம் கிடைக்காமல், முதுமையில், 1990களில், அவர் வழக்கு மன்றம் ஏறினார், வழக்கு தள்ளுபடியானது. அதன் பின்னரே பேஸ்பால் நிர்வாகம் மனமிரங்கி, நீக்ரோ லீக் வீரர்கள் சிலருக்கு ஒரு தொகை ஒதுக்கியது. ஆடாத ஆண்டுகளைக் கூட்டிப் பார்ப்பதில் இவ்வளவு ஆர்வமுள்ள எழுத்துலகம், உண்மையாகவே அந்தக் கூட்டல் ஒருவருக்குச் சோறு போடக்கூடிய இடத்தில் பேனாவை மூடிவைத்துவிட்டது.

வில்லார்ட் பிரவுன் என்ற கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ் வெளிக்கள வீரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. படையில் சேர்ந்து ஐரோப்பா சென்றார். 1945 செப்டம்பரில் நூரெம்பர்க்கில், இட்லர் பேரணி நடத்திய அதே திடலில், அமெரிக்கப் படையினரின் பேஸ்பால் இறுதித் தொடர் நடந்தது. வெள்ளையரும் கறுப்பரும் கலந்த அணியில் பிரவுன் ஆடினார். அந்த அணி வென்றது. நாடு திரும்பினார், பழைய கதவு பழையபடியே மூடியிருந்தது. 1947இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அழைத்து 21 ஆட்டங்களில் கைகழுவியது. அதற்குள் அமெரிக்கன் லீக்கில் ஹோம் ரன் அடித்த முதல் கறுப்பின வீரர் ஆகிவிட்டிருந்தார், சக வீரர் ஒருவரின் மட்டையால். அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 2006இல், புகழ்க்கூடத்தில் இடம் கொடுத்தனர். அவருக்கு 677 கணக்குப் போட எவரும் முன்வரவில்லை. போடத் தொடங்கினால் எங்கிருந்து தொடங்குவது?

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை மறைத்தால் நாமும் கணக்குப்பிள்ளையாகிவிடுவோம். போரால் இடைவெளி விழுந்தவரையும் விழாதவரையும் ஒரே பட்டியலில் நிறுத்துவது அநீதி அல்லவா? இடைவெளியை ஈடுசெய்யத்தானே கணக்கு? நியாயமான கேள்வி. பட்டியல் பார்ப்பவர் அந்த இடைவெளியை அறிந்திருக்க வேண்டும் என்பதில் எமக்கு மறுப்பே இல்லை. புள்ளிவிவர ஏடுகள் அதை அழகாகவே செய்கின்றன: 1943, 1944, 1945 என்ற வரிசைகளில் எண்களுக்குப் பதில் "படைப்பணி" என்று ஒரு சொல். நேர்மையான வெறுமை அது. பார்ப்பவரை ஒரு கணம் நிறுத்துகிறது. அந்த வெறுமையைக் கற்பனை எண்களால் நிரப்பியவுடன் என்ன நடக்கிறது? இழப்பு இல்லாமல் ஆகிவிடுகிறது. 677 என்று எழுதிப் பார்த்துவிட்டால் போர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பொறுப்பாக ஒரு கணக்கில் போட்டு வைத்திருக்கிறது என்றாகிறது. கொடுமையைக் கண்டிக்கப் போவதாகப் புறப்பட்ட கட்டுரை, கொடுமையின் வாய்க்கரிசியைச் சர்க்கரைப் பொங்கலாக்கி முடிகிறது.

மேலும், நிரப்புவதற்கு முன்னும் பின்னும் எண்கள் வேண்டும். எல்மர் கெடியனுக்கு அவை இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தடை ஓட்ட வீரர். 1939 செப்டம்பரில் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணிக்காக ஐந்து ஆட்டங்கள், பெரும்பாலும் நடு வெளிக்களத்தில். 15 வாய்ப்புகளில் மூன்று அடிகள். 1941இல் படைக்கு அழைக்கப்பட்டார். 1942இல் வட கரோலினாவில் அவர் இருந்த விமானம் விழுந்து எரிந்தபோது தாம் வெளியேறிய பின் மீண்டும் தீக்குள் சென்று சக வீரரை இழுத்துவந்தார். 1944 ஏப்ரல் 20இல் பிரான்சின் வானில் அவர் ஓட்டிச்சென்ற பி-26 குண்டுவீச்சு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். வயது 27. படைக்குச் சென்ற 500க்கும் மேற்பட்ட பிரதான லீக் வீரர்களில் களத்தில் மாண்டவர்கள் இருவர், அவர் ஒருவர். மூன்று அடிகளை எந்தச் சராசரியால் பெருக்குவது? கணக்குப்பிள்ளைகளின் கட்டுரைகளில் கெடியன் வருவதில்லை. வந்தாலும் அடைப்புக்குறிக்குள் வருகிறார். பெரிய வீரனின் இழப்பே பெரிய இழப்பு என்ற இந்த மறைமுகத் தீர்ப்பை இலக்கியம் படித்தவர்கள் எப்படி ஏற்கிறோம்?

வில்லியம்ஸ் இதில் தம் ரசிகர்களைவிட நுட்பமானவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1966இல் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டபோது, தம் இழந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசுவதற்கு அவரைவிடத் தகுதியானவர் யார்? அவரோ அந்த மேடையில் வேறு இருவரின் பெயர்களைச் சொன்னார்: சாச்செல் பேஜ், ஜோஷ் கிப்சன். வாய்ப்பு மறுக்கப்பட்ட நீக்ரோ லீக் வீரர்களின் அடையாளமாக அவர்களும் ஒருநாள் இங்கு இடம்பெற வேண்டும் என்றார். பேஜ் 1971இல் வந்தார்; கிப்சன் 1972இல், இறந்து 25 ஆண்டுகள் ஆனபின். மெக்சிகோ வழிவந்த தாயின் குடும்பப் பெயரைத் தாம் தாங்கியிருந்தால் தமக்கும் தொல்லைகள் நேர்ந்திருக்கும் என்று தன்வரலாற்றில் குறிப்பிட்டவர் அவர். தம் வெறுமையைக் காட்டி அழாமல் மற்றவரின் வெறுமையைச் சுட்டிக்காட்டிய அந்தச் சில வாக்கியங்கள், எமது பார்வையில், 1941இன் 0.406க்குக் குறைந்தவையல்ல.

அந்த 0.406க்கும் ஒரு பின்கதை உண்டு. "பிரதான லீக்கில் 0.400ஐத் தொட்ட கடைசி மனிதர்" என்று அவரைச் சொல்லாத நூல் இருந்ததில்லை. 1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக்குகள் பிரதான லீக்குகளே என்று 2020 டிசம்பரில் பேஸ்பால் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. 2024 மே மாதம் அவற்றின் எண்கள் ஏட்டில் சேர்ந்தன. இன்று அந்த ஏட்டின்படி ஒரு பருவத்தின் உச்சச் சராசரி கிப்சனின் 0.466. பருவங்கள் குறுகியவை, ஒப்பிடலாகாது என்று சிலர் இன்னும் வழக்காடுகிறார்கள். ஆடாத ஆட்டங்களுக்கு எண் தயாரிப்பதில் தயக்கமே காட்டாதவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. கிப்சன் அதை எட்டிய ஆண்டு எது தெரியுமா? 1943. வில்லியம்ஸின் வரிசையில் "படைப்பணி" என்று தொடங்கும் அதே ஆண்டு.

ஜான் அப்டைக் 1960இல் வில்லியம்ஸின் கடைசி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதிய கட்டுரையை இலக்கிய நண்பர்கள் பலர் படித்திருப்பர். எண்களில் அப்டைக்கிற்கும் மோகம் உண்டு. ஆனாலும் அந்தக் கட்டுரை நிற்பது, ஒரு பிற்பகலில் ஒரு மனிதர் கடைசி அடியை அடித்துவிட்டு ஓடிவந்து, கூட்டம் கெஞ்சியும் வெளியே தலைகாட்டாமல் அமர்ந்திருந்ததைக் கண் சிமிட்டாமல் பார்த்ததால். அவர் முன்னால் நடந்ததைப் பார்த்தார்.

இதற்கு மறுப்பு எழுத விரும்புவோர் தாராளமாக எழுதலாம். நம் பக்கத்தில் இடம் உண்டு. ஒரே ஒரு வேண்டுகோள்: மறுப்பில் 677 வருமானால், அதன் அருகில் ஜெத்ரோவுக்கும் கெடியனுக்கும் ஆளுக்கு ஓர் எண்ணும், அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்ற விளக்கமும் இருக்கட்டும். அந்த மாணவி இப்போது ஒரு பள்ளியில் தமிழாசிரியை. அவரையும் படிக்கச் சொல்லியிருக்கிறோம்.